ரிசைன் லெட்டர் டிராஃப்ட்ல இருக்கு, அனுப்ப மட்டும் கை வரல



உத்திரமேரூர்ல காலைல அஞ்சு மணிக்கு ஒரு தடவை நின்னு பாருங்க. ஊர் இன்னும் தூங்கிட்டிருக்கும், டீக்கடை மட்டும் முழிச்சிருக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போற கம்பெனி பஸ்ஸுக்காக கழுத்துல ஐடி கார்டு மாட்டிக்கிட்டு பசங்க நிப்பாங்க. பாதி பேர் கண்ணு சொருகியிருக்கும், மீதி பேர் போனைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

அதுல ஒருத்தன் என் சித்தி பையன். வயசு 27. வாகன உதிரி பாகம் செய்யற ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன். கைக்கு வர்ற சம்பளம் 24,500. நான் ஊருக்குப் போனப்போ, பெருமாள் கோயில் பக்கத்துல டீ குடிச்சிக்கிட்டே போனை நீட்டினான். மெயில்ல டிராஃப்ட். சப்ஜெக்ட்: ரெசிக்னேஷன்.

"எழுதி மூணு மாசம் ஆச்சுண்ணா. தினமும் ராத்திரி எடுத்துப் பாப்பேன். அனுப்ப மட்டும் கை வரல."

அவனோட கனவு மரச்செக்கு எண்ணெய். நம்ம பக்கம் மல்லாட்டைக்குக் குறைச்சல் இல்ல, செக்கு எண்ணெய் கேக்குற ஆளுங்களும் இருக்காங்க. நாலு வருஷமா இதையே பேசிட்டிருக்கான். வீட்ல சித்தப்பா சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "மாசம் பொறந்தா சம்பளம் வருது. அதை விட்டுட்டு எண்ணெய் விக்கப் போறியா?"

அவன் என்கிட்ட கேட்டது, "எனக்கு தைரியம் பத்தலையாண்ணா?"

எனக்கு அது தைரியப் பிரச்சினையா தெரியல. அவன் போன்ல எண்ணெய் பாட்டில் போட்டோ இருந்துச்சு, லோகோ டிசைன் இருந்துச்சு, கடைக்குப் பேர் கூட வெச்சிருந்தான். கணக்குன்னு ஒரு வரி இல்ல. அப்புறம் ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

முதல்ல சித்தப்பாவோட சந்தேகத்தை எடுத்துப்போம். அதைச் சிரிச்சுத் தள்ளக் கூடாது. ஆனா அதுல ஒரு பாதிதான் சரி. மாசச் சம்பளம் பாதுகாப்புன்னு நம்ம பக்கத்துல சொல்றப்போ ரெண்டு பேரை மறக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2006-ல ஆரம்பிச்சது. நம்ம சுத்துவட்டார கிராமத்துப் பசங்க, பொண்ணுங்க ஆயிரக்கணக்குல அங்க வேலைக்குப் போனாங்க. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்னுச்சு. அடுத்து மறைமலைநகர் ஃபோர்டு. 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிக்கிறதை நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க, 2022-ல அந்த பிளான்ட்ல வேலை நின்னு போச்சு. அந்தத் தொழிலாளிங்க யாரும் தப்பு பண்ணல, சரியா நேரத்துக்கு வேலைக்குப் போனவங்கதான்.

அதனால வேலையை விட்டுடுன்னு சொல்ல வரல. சம்பளத்துலயும் ரிஸ்க் இருக்கு, சொந்தத் தொழில்லயும் ரிஸ்க் இருக்கு. கையில எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்குங்கிற கேள்வி ரெண்டு பக்கத்துக்கும் பொதுவானது.

பெரிய ஆளுங்க கதையில நாம பாக்காத பகுதி

வேலையை விட்டு ஜெயிச்சவர்னு சொன்னா நம்ம ஊர்ல உடனே வர்ற பேர் கிரிஷ் மாத்ருபூதம். திருச்சிக்காரர். ஜோஹோ நிறுவனத்துல கிட்டத்தட்ட பத்து வருஷம் வேலை பார்த்து, ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் துணைத் தலைவர் வரைக்கும் போனவர். அமெரிக்காவுல இருந்து வீட்டைக் காலி பண்ணி சென்னைக்கு வந்தப்போ அவரோட டிவி வழியில உடைஞ்சு போச்சு. இன்சூரன்ஸ் பணத்துக்கு மாசக்கணக்குல அலைஞ்சும் ஒண்ணும் நடக்கல. ஒரு இணையக் குழுவுல புகாரா எழுதினதும் சீக்கிரமே பணம் வந்துடுச்சு. வாடிக்கையாளர் புகாரைக் கையாளுற மென்பொருள்ல ஒரு பெரிய வாய்ப்பு இருக்குன்னு அவருக்குத் தோண இதுவும் ஒரு காரணம். 2010-ல வேலையை விட்டு, சக ஊழியர் ஷான் கிருஷ்ணசாமியோட சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சார். 2021 செப்டம்பர்ல அந்த நிறுவனம், அப்போ பேர் ஃப்ரெஷ்வொர்க்ஸ், அமெரிக்காவோட நாஸ்டாக் சந்தைக்குப் போச்சு. ஊழியர்கள் 500 பேருக்கு மேல கோடீஸ்வரர் ஆனாங்கன்னு எல்லா சேனல்லயும் வந்துச்சு.

இந்தக் கதையை நாம எல்லாருமே ரெண்டு காட்சியாத்தான் பாக்குறோம். டிவி உடைஞ்சுது, அடுத்த காட்சியில நாஸ்டாக் மணி அடிக்குது. நடுவுல இருக்குற தேதிகளை எடுத்து வரிசையா வெச்சுப் பாருங்க.

ஆரம்பிச்சது 2010 அக்டோபர். முதல் வாடிக்கையாளர் வந்தது 2011 ஜூன், ஆஸ்திரேலியாவுல இருக்குற ஒரு பள்ளிக்கூடம். அதாவது எட்டு மாசம், வாடிக்கையாளர்கிட்ட இருந்து ஒரு ரூபாய் கூட வரல. ஆக்ஸெல் நிறுவனம் 10 லட்சம் டாலர் முதலீடு போட்ட செய்தி வந்தது 2011 டிசம்பர்ல. கணக்குப் போட்டா 14 மாசம். இத்தனைக்கும் பத்து வருஷம் அதே துறையில ஊறினவர். என்ன பொருள் செய்யணும், யாருக்கு விக்கணும்னு தெரிஞ்சவர். அப்படிப்பட்டவருக்கே எட்டு மாசம்னா, ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட் வெச்சிக்கிட்டு வேலையை விடுற நமக்கு?

அடி வேற இன்னொரு பக்கம் விழுந்துச்சு. அதே 2011 கடைசியில, போட்டி நிறுவனமான ஜென்டெஸ்கோட தலைவர் மிக்கெல் ஸ்வேன் ட்விட்டர்ல இவங்களைக் காப்பியடிச்சவங்கன்னு வெளிப்படையாவே திட்டினார். சின்ன டீம், பேர் யாருக்கும் தெரியாது, அந்தத் துறையோட பெரிய ஆள் உலகம் பாக்க இப்படிச் சொல்றார். நம்மளா இருந்தா போனை ஆஃப் பண்ணிட்டுப் படுத்திருப்போம். இவங்க அதுக்குன்னே ஒரு வெப்சைட் போட்டு, நாங்க காப்பியா இல்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கன்னு விவரத்தை வெச்சாங்க. திட்டினதே விளம்பரமா மாறிடுச்சு.

இன்னொரு விஷயம் சொல்லிடறேன், இது சம்பளக்காரங்களுக்கு முக்கியம். 36 டாலருக்குப் பங்கு வெளியிட்ட ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2022-ல அதுல பாதிக்கும் கீழ போச்சு. காகிதத்துல கோடீஸ்வரர் ஆனதை நம்பி லோன் போட்டவங்க இருந்திருந்தா அவங்க நிலைமையை நினைச்சுக்கோங்க.

சாஃப்ட்வேர் நமக்குச் சரிப்படாதுன்னு என் தம்பி சொன்னான். சரி, அப்போ ஐஸ்கிரீம். ஆர்.ஜி. சந்திரமோகன், ஹட்சன் நிறுவனத்தை உருவாக்கினவர். மாசம் 65 ரூபாய் சம்பளத்துல மர டிப்போவுல வேலை. அதை விட்டுட்டு, குடும்பச் சொத்தை வித்து வந்த 13,000 ரூபாயில 1970-ல ராயபுரத்துல 250 சதுர அடி இடத்துல ஐஸ் செய்ய ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு 21 வயசு. தள்ளுவண்டியில வித்தாங்க. சென்னையில பெரிய ஐஸ்கிரீம் கம்பெனிங்க முன்னாடி நிக்க முடியல. அதனால அவங்க கண்டுக்காத இடமாத் தேடிப் போனார். கப்பல்களுக்குச் சப்ளை, காலேஜ் கேன்டீன், அப்புறம் 1981 வாக்குல சின்ன ஊர்கள். இன்னைக்கு சின்ன ஊர்க் கடையிலயும் அருண் ஐஸ்கிரீம் ஃப்ரீசர் நிக்குதுன்னா அந்த முடிவுதான் காரணம். 1970-லிருந்து 1981 வரைக்கும் 11 வருஷம். மோட்டிவேஷன் வீடியோவுல இந்த 11 வருஷத்துக்கு 11 செகண்ட் கூடக் குடுக்க மாட்டாங்க.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். இவங்க பேர் நமக்குத் தெரியுறதே இவங்க ஜெயிச்சதால. அதே 1970-ல ஐஸ் வண்டி தள்ளித் தோத்தவங்க பேர் யாருக்குமே தெரியாது. அதனால "அவர் விட்டார், ஜெயிச்சார், நானும் விடறேன்"ங்கிறது கணக்கே இல்ல. அவங்க கதையில இருந்து எடுத்துக்க வேண்டியது எவ்வளவு நாள் ஆச்சுங்கிறது மட்டும்தான்.

என் கதை, சுருக்கமா

நான் முதல் தடவை வேலையை விட்டப்போ கையில அஞ்சு மாசப் பணம் இருந்துச்சு. போதும்னு நினைச்சேன். வேலையும் வந்துச்சு, ஆர்டரும் வந்துச்சு. ஆனா எட்டாவது மாசம் நொடிஞ்சு போனேன். ஒரு கஸ்டமர் 84,000 ரூபாய் பாக்கி. "அடுத்த வாரம் சார்", "அக்கவுன்ட்ஸ்ல சொல்லியிருக்கேன் சார்"னு இழுத்துக்கிட்டே போனாங்க. அந்த நேரத்துல என் பிசினஸ் லாபத்துலதான் இருந்துச்சு, பேப்பர்ல. பேங்க்ல 2,300 ரூபாய். வீட்டு வாடகைக்கு மச்சான்கிட்ட கை நீட்டினேன்.

திரும்ப வேலைக்குப் போனேன். 14 மாசம். ஊர்க் கல்யாணத்துல ஒருத்தர், "என்னப்பா, திரும்பி வந்துட்டியாமே?"ன்னு கேட்டார். சாப்பாட்டு இலைக்கு முன்னாடி உக்காந்திருந்தேன், பாயசம் இறங்கல. ஆனா அந்த 14 மாசச் சம்பளம் இல்லன்னா ரெண்டாவது தடவை ஆரம்பிச்சிருக்கவே முடியாது. திரும்ப வேலைக்குப் போக முடிஞ்சதுக்கும் ஒரு காரணம் இருக்கு. முதல் தடவை விட்டப்போ நோட்டீஸ் பீரியட் முழுசா வேலை பார்த்து, பொறுப்பை ஒப்படைச்சு, ரிலீவிங் லெட்டர் வாங்கிட்டுத்தான் வந்தேன். கோவத்துல ஐடி கார்டைத் தூக்கிப் போட்டுட்டு வர்றதெல்லாம் சினிமாவுல நல்லா இருக்கும்.

டீக்கடையில போட்ட கணக்கு

என் தம்பியோட கணக்குக்கு வருவோம். பில் பேப்பர் பின்னாடி எழுதினது. வீட்டுக்குத் தர்றது 9,000. பைக் இஎம்ஐ 3,400, இன்னும் ஏழு மாசம் பாக்கி. பெட்ரோல், போன், கைச்செலவு 3,500. வேலையை விட்டா கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் போயிடும், சொந்தமா எடுத்தா மாசத்துக்கு 1,500 வெச்சுக்கலாம். மொத்தம் 17,400. கையில இருக்குற சேமிப்பு 96,000. வகுத்தா அஞ்சரை மாசம்.

"அப்போ நான் பயப்பட்டது சரிதானாண்ணா?"

"சரிதான்டா. இன்னைக்கு அனுப்பியிருந்தா தப்பாப் போயிருக்கும்."

அப்புறம் கேட்டேன், வேலைக்குச் சேர்ந்து எவ்வளவு நாள் ஆச்சுன்னு. 4 வருஷம் 5 மாசம். கிராஜுவிட்டின்னு ஒண்ணு இருக்கே, தெரியுமான்னா, "அது ரிட்டயர் ஆகறவங்களுக்குத்தானே?"ங்கிறான். நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. நிரந்தர ஊழியர் தொடர்ந்து 5 வருஷம் முடிச்சிட்டு விட்டா, கடைசியா வாங்கின பேசிக்கும் டிஏவும் சேர்த்து, அதை 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்து, வருஷத்தால பெருக்கணும். இவனுக்கு பேசிக் + டிஏ 15,000. அஞ்சு வருஷத்துக்கு 43,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல வருது. ஏழு மாசம் பொறுத்தா கிடைக்கிற பணம் இது.

அதே ஏழு மாசத்துல பைக் இஎம்ஐ முடியுது. சம்பளத்துல செலவு போக மாசம் 8,600 மிச்சம் பிடிக்க முடியும், ஏழு மாசத்துக்கு 60,200. இருக்குற 96,000, இந்த 60,200, கிராஜுவிட்டி 43,000 எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட 1,99,000. இஎம்ஐ இல்லாத மாசச் செலவு 14,000. வகுத்தா 14 மாசம்.

அஞ்சரை மாசம் 14 மாசம் ஆயிடுச்சு. அவன் பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தான். டீ ஆறிப் போச்சு.

பிஎஃப் பணத்தை இந்தக் கணக்குல நான் சேர்க்கல, வேணும்னேதான். 5 வருஷத் தொடர் சர்வீஸுக்கு முன்னாடி எடுத்தா வரி வரும். எடுக்குற விதிமுறைகளும் அப்பப்போ மாறுது, அதனால விடுறதுக்கு முன்னாடி இபிஎஃப்ஓ தளத்துல பாத்துக்கோங்க. கேஒய்சி, பேங்க் அக்கவுன்ட், பேர்ல எழுத்துப் பிழை எல்லாத்தையும் வேலையில இருக்குறப்பவே சரி பண்ணிடுங்க. வெளிய வந்த அப்புறம் ஹெச்ஆர் போன் எடுக்க மாட்டாங்க. மெடிக்கல் இன்சூரன்ஸும் அப்படித்தான். குரூப் பாலிசியில இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கு, கடைசி நாளுக்கு முன்னாடியே கேக்கணும்.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கம்தான் அவனோட உண்மையான பயம். "வியாபாரம் ஓடுமா?"ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. அதனால கேள்வியை மாத்தினோம்.

அவன் விசாரிச்சு வெச்சிருந்த விலை இது, சீசனுக்கு சீசன் மாறும். 100 கிலோ மல்லாட்டைப் பருப்பு 12,000. இன்னொருத்தர் செக்குல கூலிக்கு ஆட்ட 1,000. எண்ணெய் சுமாரா 40 லிட்டர். பாட்டில், லேபிள் 480. மொத்தம் 13,480. புண்ணாக்கு 55 கிலோ, வித்தா 2,200 திரும்ப வரும். நிகரச் செலவு 11,280, லிட்டருக்கு 282. விக்கிறது 340. லிட்டருக்கு 58 ரூபாய் நிக்கும். மாசம் 14,000 வேணும்னா 241 லிட்டர். ஒரு குடும்பம் மாசம் 3 லிட்டர் வாங்கினா, 80 குடும்பம்.

"வியாபாரம் ஓடுமா"ன்னு கேட்டுக்கிட்டு ஒரு வருஷம் முழிச்சிக்கிட்டே படுத்திருக்கலாம். "80 குடும்பம் கிடைக்குமா"ன்னு கேட்டா ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம். மெஷினும் வேணாம், ராஜினாமாவும் வேணாம். கூலிக்கு ஆட்டி, பாட்டில்ல அடைச்சு, முதல்ல 10 வீடு. எப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். சமையல் எண்ணெயை லூஸா ஊத்தி விக்கக் கூடாது, பேக் பண்ணி லேபிள் ஒட்டணும். அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து, வேற தொழில் பண்ணக் கூடாதுன்னு ஷரத்து இருக்கான்னு படிக்கச் சொன்னேன். இருந்துச்சு. அதனால சித்தி பேர்ல பதிவு, வேலையும் சித்திதான் பாக்குறாங்க, இவன் லீவு நாள்ல ஒத்தாசை.

பேங்க் லோன் பத்தியும் கேட்டான். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துல, அதாவது பிஎம்இஜிபி-யில, கிராமப்புறத்துல புதுசா தொடங்குற யூனிட்டுக்குப் பொதுப் பிரிவுன்னா 25 சதவீதம், சிறப்புப் பிரிவுன்னா 35 சதவீதம் மானியம்னு வெச்சிருந்தாங்க. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், எஸ்சி, எஸ்டி எல்லாம் சிறப்புப் பிரிவுல வருவாங்க. மானியம் கையில வராது, பேங்க்ல மூணு வருஷம் டெபாசிட்டா நிக்கும். இதுல ஒரு சிக்கல் இருக்கு: ஏற்கெனவே ஓடுற யூனிட்டுக்குப் புதுசுன்னு மானியம் வாங்க முடியாது. மெஷினை வாங்கிப் போட்டுட்டு அப்புறம் விண்ணப்பிக்கிறவங்க இங்கதான் மாட்டுறாங்க. அந்தத் திட்டத்தை 2025–26 வரைக்கும்னு அறிவிச்சிருந்தாங்க. அதனால இப்போ என்ன நிலைமை, சித்தி பேர்ல இருக்குற பதிவு தடையா வருமான்னு காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்துல நேர்ல கேட்டுட்டுத்தான் அடுத்த அடின்னு முடிவு பண்ணினோம்.

நாங்க உக்காந்திருந்த டீக்கடைக்குப் பக்கத்துலதான் வைகுண்டப் பெருமாள் கோயில், குடவோலைக் கல்வெட்டு இருக்குற இடம். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சதுதான். அதுல எனக்குப் பிடிச்ச விதி ஒண்ணு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரை மறுபடி குடத்துல போடக் கூடாது, அவனோட நெருங்கின சொந்தக்காரங்க பேரையும் போடக் கூடாது. போட்டியிட வயசு 35-லிருந்து 70 வரை. தம்பிகிட்ட சொன்னேன், "இந்தக் கணக்குப்படி உனக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்குடா." அவன் சிரிக்கல.

வீட்டுக்குப் போய் அந்த பில் பேப்பரை சித்தப்பாகிட்ட காட்டியிருக்கான். அவர் முழுசாப் படிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாராம்: "கடன் சொன்னா என்ன பண்ணுவே?" முப்பது வருஷம் மளிகைக் கடையில பொட்டலம் கட்டினவர். நான் 84,000 ரூபாய் குடுத்துக் கத்துக்கிட்ட கேள்வி அது.

இப்போ ரெண்டு மாசம் ஆகுது. பையன் இன்னும் அதே பஸ்லதான் போறான். டிராஃப்ட் அப்படியே இருக்கு, கீழ ஒரு தேதி மட்டும் சேர்த்திருக்கான். முதல் மாசம் 19 லிட்டர் போச்சு. ரெண்டு பேர் காறல் வாசனை வருதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. பருப்பு சரியாக் காயலைன்னு செக்குக்காரர் சொன்னார், அந்த லாட்டுல நஷ்டம் 1,900 ரூபாய். அன்னைக்கு ராத்திரி போன் பண்ணி, "விட்டுடலாமாண்ணா?"ன்னான். சம்பளம் வருதுல்ல, மொட்டை மாடியில தார்ப்பாய் விரிச்சு இன்னும் ரெண்டு நாள் காயப் போடுன்னு சொன்னேன்.

இந்த மாசம் 31 லிட்டர். 13 வீடு. அதுல மூணு வீடு கடன். அந்த மூணு வீட்டுக்கும் வசூலுக்குப் போறது சித்தப்பா.